பத்துக் கிலோவுக்குள் ஒரு வேட்டை

லண்டனில், எங்கள் ஹரோ வீட்டில் வேட்டைத் துவக்குக்கென்று ஓர் இரும்பு அலுமாரி இருக்கிறது. மாடிப்படிக்குக் கீழே, மற்ற வீடுகளில் தூசு உறிஞ்சுகிற மெஷின் வைக்கிற இடத்தில். தூசு மெஷின் என் உடுப்பு அலுமாரிக்குள் நிற்கிறது. பல வருஷமாக என் சேலைகள் அதனோடுதான் சீவிக்கின்றன.

இவர் மான் வேட்டைக்குப் போகிறவர். கோயிலில் இதைச் சொன்னால் பெண்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு நான் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்திவிடுவார்கள். லண்டனுக்கு வருமுன் நாங்கள் நோர்வேயின் வடக்கில் ஒரு மீன் பக்டரியில் வேலை செய்தோம். அங்கே செப்டெம்பர் பிறந்தால் பக்டரியில் பாதிப் பேர் துவக்கோடு மலைக்குப் போய்விடுவார்கள். ஒரு வருஷம் இவரையும் கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது இவருடைய மூக்கு உரிந்திருந்தது, கண் மட்டும் பளபளவென்றிருந்தது. அன்றைக்குப் பிடித்தது இன்றைக்கும் விடவில்லை. எங்களோடு லண்டனுக்குக் குடிபெயர்ந்த மற்றவர்கள் பிள்ளைகளின் சான்றிதழ்களைப் பத்திரமாகக் கொண்டுவந்தார்கள். இவர் மலையேறுகிற சப்பாத்தைக் கொண்டுவந்தார்.

இங்கே வருஷத்துக்கு ஒருமுறை ஸ்கொட்லாந்துக்குப் போவார்கள். மூன்று பேர். ஒருவர் நோர்பரியில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். அவரும் நோர்வேயிலிருந்து வந்தவர்தான். மற்றவர் குட்மேய்ஸில் இருக்கிறார், லொறி ஓட்டுகிறவர். நான் அவர்களைக் கடைத்தம்பி, லொறித்தம்பி என்றுதான் சொல்வேன். தம்பி என்றாலும் கடைத்தம்பி ஐம்பதைத் தாண்டிவிட்டார். லொறித்தம்பி அவரைவிட இளமை, ஆனால் உடம்பு எங்கள் வாசலில் நேராக நுழையாது, கொஞ்சம் சரிந்துதான் நுழைவார்.

மலைக்குச் சொந்தக்காரரிடம் அனுமதி எடுத்து, அவருடைய ஆள் வழிகாட்ட, கார் போகாத உயரத்தில் இரண்டு இரவு கூடாரம் போட்டுத் தங்குவார்கள். இதற்கு இவர்கள் தங்களுக்குள் சில சட்டங்கள் வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மானைச் சுடலாம், தின்னக்கூடாது. கூடாரமும் அடுப்பும் பொது. துவக்கு தோளில், அது கணக்கில் சேராது. மற்றதெல்லாம் அவரவர் முதுகில்.

போன வருஷம் இவருடைய முழங்கால் முற்றாகக் கெட்டுப்போயிருந்தது. மற்ற இருவரும் மலைக்குப் போக, இவர் அடிவாரத்து விடுதியில் ரீவி பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்தார். வந்தவர் அந்தக் குளிர்காலம் முழுவதும் என்னுடைய சமையலறையில் ஒரு கதிரையைப் போட்டு இருந்தார். வெங்காயத்தை எந்தப் பக்கமாக வெட்டவேண்டும் என்று சொல்லித் தந்தார். சோற்றுக்கு எவ்வளவு தண்ணீர் என்று சொல்லித் தந்தார். குழாயைத் திறந்தால் "காணும், போதும்" என்பார், பூட்டினால் "ஏன் பூட்டினீர்" என்பார். மலைக்குப் போகாத வேட்டைக்காரன் வீட்டில் என்ன செய்வான் என்று அந்தக் குளிர்காலத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

அதனால் தை மாதம் முழங்கால் மாற்றுகிற ஒப்பரேஷன் நடந்தபோது இவரைவிட நான்தான் அதிகம் நேர்ந்துகொண்டேன். ஒப்பரேஷன் நன்றாக முடிந்தது. நடக்கலாம், படி ஏறலாம், மெல்ல மெல்ல மலையும் ஏறலாம் என்று டொக்டர் சொன்னார். குந்தி இருக்க மட்டும் ஏலாது. அந்தப் புதுக் கால் அவ்வளவு மடியாது.

ஆவணி மாதம் கடைத்தம்பி போன் எடுத்தார். இவருக்குக் காது மந்தம் என்பதால் எங்கள் வீட்டில் எல்லாப் போன் கதையும் எல்லோருக்கும் கேட்கும்.

"அண்ணை, கோவிக்காதையுங்கோ. உங்கட காலை நினைச்சுத்தான் சொல்லுறன். இந்த முறை உங்கட பை பத்துக் கிலோ. அதுக்கு மேல ஒரு சீனிக்கட்டியும் கூடாது."

"பத்தோ? போன முறைக்கு முந்தின முறை பதினெட்டுக் கொண்டு வந்தனான்."

"அது பழைய காலோட. இப்ப பத்து. சனிக்கிழமை நாங்கள் ரெண்டு பேரும் வாறம். பையை நிறுப்பம். பிறகு அந்தப் பையோட ஹரோ மலையில ஏறிக் காட்டுங்கோ. ஏறினா வாங்கோ."

"ஏறாட்டி?"

போனில் கொஞ்ச நேரம் கடையின் ஃபிரிட்ஜ் இரைகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஏறாட்டி அடுத்த வருஷம் பாப்பமே அண்ணை."

இவருக்கு எழுபத்தொரு வயது. "அடுத்த வருஷம் பாப்பம்" என்று எப்படிப்பட்ட ஆட்களுக்குச் சொல்வார்கள் என்று இவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போனை வைத்துவிட்டு இவர் எழுந்து போய்த் துவக்கு அலுமாரியைத் திறந்து பார்த்தார். பிறகு பூட்டினார். பிறகு சமையலறைக் கதிரையில் வந்து இருந்தார். நான் அந்தக் கதிரையைப் பார்த்தேன். இவரை எப்படியாவது மலைக்கு அனுப்பியே தீருவது என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன்.

அடுத்த நாள் முன் அறை முழுவதும் சாமான் பரவியது. படுக்கிற நீட்டுப் பை, காற்றடிக்கிற பாய், மழைக்கோட்டு, இரண்டு கம்பளிச் சட்டை, இரண்டு சோடிக் காலுறை, டோர்ச், தொலைநோக்கி, தண்ணீர்ப் போத்தல், மருந்து. இதுவரைக்கும் யாரும் குறை சொல்லமுடியாது. இதற்குப் பிறகுதான் தொடங்கியது. நான் வீட்டிலிருந்து ஒரு தலையணை எடுத்து வைத்தேன், தலையணை இல்லாமல் இவருக்குக் கழுத்துப் பிடித்துவிடும். இவர் ரப்பர்ச் சுடுதண்ணிப் பை ஒன்று வைத்தார். நான் தகரத்தில் அடைத்த மீன் ரின்கள் வைத்தேன். இவர் பால்மா வைத்தார். நான் எலுமிச்சை ஊறுகாய் வைத்தேன், கண்ணாடிப் போத்தலோடு. வெள்ளிக்கிழமைக்கென்று கடலைப் பருப்பும் கத்தரிக்காய்ப் பொரியலும் தனியாக வைத்தேன்.

மகள் வந்து பார்த்தாள். அவள் பிறந்தது நோர்வேயில். தமிழில் தொடங்கினால் எந்த மொழியில் முடிப்பாள் என்று சொல்லமுடியாது.

"அப்பா, சீரியஸ்லி? உதுக்கெல்லாம் லைட்டா, காயவைச்சு அடைச்ச பக்கெட் சாப்பாடு இருக்கு. சுடுதண்ணி ஊத்தினா சரி."

அவளே நாலைந்து பக்கெட் வாங்கி வந்தாள். காற்று மாதிரி இருந்தன. இவர் ஒன்றை வீட்டில் பரீட்சித்துப் பார்த்தார். இரண்டு கரண்டி தின்றுவிட்டுப் பக்கெட்டைத் திருப்பிக் கண்ணாடி போட்டு வாசித்தார். மாட்டிறைச்சி. எழுந்துபோய் வாயைக் கொப்பளித்தார். மற்றது கோழி. அதில் ஒரு கரண்டிதான் தின்றார்.

"இது கோழி இல்லை" என்றார்.

"கோழியெண்டு படம் போட்டிருக்கே?" என்றேன்.

"கோழி குளிச்ச தண்ணி."

ஆகவே மீன் ரின் வென்றது. பை பதினாலு கிலோவில் நின்றது. நான் எதை எடுத்தாலும் இவர் வேண்டாம் என்பார், இவர் எதை எடுத்தாலும் நான் வேண்டாம் என்பேன். அப்படியே மூன்று நாள் போனது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். விமானத்துக்குப் பை கட்டுவதில் எங்கள் ஆட்களை வெல்ல இந்த உலகத்தில் ஒருவரும் இல்லை. ஊருக்குப் போகிற எந்தத் தமிழ் வீட்டுக்குள்ளும் போய்ப் பாருங்கள். கொக்கித் தராசு ஒன்று தொங்கும். பெட்டி முப்பதுக்கு மேல் போனால் யாரும் கவலைப்படமாட்டார்கள். மேலதிகத்தை உடம்பில் போட்டுக்கொள்வார்கள். நானே ஒருமுறை இரண்டு சேலையை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி, கோட்டின் இரண்டு பக்கமும் பால்மாப் பக்கெட் வைத்து, கமக்கட்டுக்குள் ஒரு சோடிச் செருப்போடு விமானம் ஏறியிருக்கிறேன். பெட்டியைத்தான் நிறுப்பார்கள். ஆளை நிறுக்கமாட்டார்கள். இது எங்களுக்கு எழுத்தறிவதற்கு முன்பே தெரிந்த விஷயம்.

நாலாம் நாள் இவர் பையைப் பார்த்தார். பிறகு கொளுக்கியில் தொங்கிய வேட்டை ஜக்கெற்றைப் பார்த்தார். அதற்கு உள்ளும் புறமும் பன்னிரண்டு பொக்கெற்.

"இஞ்சேரும்" என்றார். "அவங்கள் பையைத்தானே நிறுக்கப்போறாங்கள்."

நான் ஜக்கெற்றைக் கொளுக்கியிலிருந்து எடுத்து மேசையில் விரித்தேன். கலியாணம் கட்டி இத்தனை வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே விஷயத்தில் அவ்வளவு சந்தோஷப்பட்டது குறைவு.

மீன் ரின்கள் நெஞ்சுப் பொக்கெற்றுக்குள் போயின. பால்மா இடது பக்கம், ஊறுகாய் வலது பக்கம். சுடுதண்ணிப் பை வயிற்றோடு. தலையணையை உருட்டிச் சேட்டுக்குள் விட்டோம். பையிலிருந்த இரண்டு கம்பளிச் சட்டையை இவர் போட்டுக்கொண்டார். அப்போது பை பத்துக்குள் வந்துவிட்டது.

இன்னும் ஒரு சாமான் மிச்சம் இருந்தது. அதைப் பற்றி எழுதுவதற்கு எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அதை விட்டால் இந்தக் கதை விளங்காது.

இவருக்குக் குந்தி இருக்க ஏலாது என்று சொன்னேன். வீட்டில் குளியலறைக்கென்று ஆஸ்பத்திரிக்காரர் தந்த உயரமான சீட் இருக்கிறது, பிரச்சினை இல்லை. அந்த மலையில் என்ன இருக்கிறது? பிடிக்க ஒரு மரமும் இல்லாத மலை. இதை இவர் ஒருவரிடமும் சொல்லவில்லை, என்னிடமும் நேராகச் சொல்லவில்லை. ஒருநாள் கடைக்குப் போய், மீன் பிடிக்கிறவர்கள் ஆற்றங்கரையில் வைத்து இருக்கிற மடிப்புக் கதிரை ஒன்று வாங்கி வந்தார். அலுமினியக் கால், மேலே துணி. தையல் கத்தரிக்கோலைக் கேட்டார். கொடுத்தேன். துணியின் நடுவில் வட்டமாக வெட்டினார். வெட்டிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்.

"ஓரம் பிஞ்சுபோகும். ஒருக்கா அடிச்சுத் தாரும்."

நான் ஓரத்தை மடித்து மெஷினில் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தேன். அது என்னத்துக்கு என்று நானும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. நல்ல உறுதியான தையல்.

இந்தக் கதிரையை எங்கே ஒளிப்பது? பொக்கெற்றுக்குள் போகாது. கடைசியில் மடித்துத் தட்டையாக்கி, கம்பளிச் சட்டைக்கு மேலே, ஜக்கெற்றுக்குக் கீழே, முதுகோடு வைத்து, என்னுடைய பழைய சேலைத் துண்டால் நெஞ்சைச் சுற்றிக் கட்டிவிட்டேன். அதற்கு மேல் பை வந்தால் ஒருவருக்கும் தெரியாது என்று கணக்குப் போட்டோம்.

சனிக்கிழமை தம்பிமார் வந்தார்கள். நான் எங்கள் கொக்கித் தராசை எடுத்துக்கொண்டு வந்தேன். கடைத்தம்பி அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"அக்கா, இது எயார்போட்டுக்குப் பழகின தராசு. உண்மை சொல்லாது." தன் காரிலிருந்து கடைத் தராசைத் தூக்கி வந்து நிலத்தில் வைத்தார். இவர் பையை ஏற்றினார். ஒன்பதரை.

லொறித்தம்பி கை தட்டினார். "பாத்தியளோ! அண்ணை உள்ளுக்குப் பஞ்சு வைச்சிருக்கிறார்."

"நான் சொல்லேல்லையோ" என்றார் இவர். பேசும்போது நெஞ்சுக்குள் ரின் ஒன்று ரின்னோடு முட்டியது. நான் பலமாக இருமினேன்.

மகள் வாசலில் நின்று என் காதுக்குள் சொன்னாள்: "அம்மா, நீங்களும் பின்னால போங்கோ. அப்பா விழுந்தா எனக்கு உடனே கோல் பண்ணுங்கோ." எனக்கு ஆண்களோடு தெருவில் நடந்து பழக்கமில்லை. ஆனாலும் சால்வையைப் போர்த்துக்கொண்டு பின்னால் போனேன்.

அந்தச் சனிக்கிழமை பார்த்து லண்டனில் வெயில் எறித்தது. செப்டெம்பரில் ஒரு வெயில், ஆடிமாதம் மாதிரி. தெருவில் எல்லோரும் அரைக்கைச் சட்டையோடு போகிறார்கள். இவர் மட்டும் வடதுருவத்துக்குப் புறப்பட்டவர் போல, இரண்டு ஆள் அகலத்தில், கையை உடம்போடு சேர்க்கமுடியாமல் விரித்துக்கொண்டு நடக்கிறார். முதுகு குனியவில்லை. கதிரை குனிய விடாது. பொலிஸ் அணிவகுப்பில் போகிறவர் மாதிரி நிமிர்ந்து போனார்.

"அண்ணை, ஜக்கெற்றைக் கழட்டுங்கோவன்" என்றார் லொறித்தம்பி.

"குளிருது."

"உங்கட மூக்கு நுனியால வேர்வை சொட்டுது."

"அது சளி."

ஹரோ மலை ஒரு மலையே அல்ல. உச்சியில் ஒரு பழைய தேவாலயம் இருக்கிற மேடு, அவ்வளவுதான். ஆனால் அந்த ஏற்றம் காலைப் பிடிக்கும். தொடக்கத்தில் இவர் கதைத்துக்கொண்டு ஏறினார். பிறகு கதையை விட்டுவிட்டு ஏறினார். பிறகு ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் நின்று, இயற்கையை ரசிப்பவர் போல யாரோ ஒருவரின் குப்பைத் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். புதுக் கால் நடுங்குவது காற்சட்டைக்கு வெளியே தெரிந்தது. கடைத்தம்பியின் முகத்தில் "அடுத்த வருஷம் பாப்பம்" என்று எழுதியிருந்தது.

சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம் நடக்கிற கட்டடம் அந்த வழியில்தான். வெளியே தாய்மார் நின்றார்கள். அவர்களில் ஒருத்தி, கோயிலில் பழக்கமான பிள்ளை, என்னைக் கண்டுவிட்டாள். பிறகு இவரைக் கண்டாள். மேலும் கீழும் ஒருமுறை பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"அக்கா! ஊருக்கோ? சொல்லவே இல்லை! எத்தினை மணிக்குப் பிளைட்?"

"இல்லைப் பிள்ளை…" என்றேன் நான்.

"பொய் சொல்லாதையுங்கோ. ஐயாவைப் பாத்தாலே தெரியுது. எங்கட இவரும் போகேக்க உப்பிடித்தான், எயார்போட்டில கையை மடக்க ஏலாமல் நிண்டவர். அக்கா, அம்மாவுக்கு ஒரு சின்னப் பார்சல் தந்துவிடட்டோ? ஒரு கிலோவும் வராது. மூட்டு நோவுக்கு மருந்துதான். ஐயாவின்ர எந்தப் பொக்கெற்றாவது காலியோ?"

கடைத்தம்பி நின்றார். மெல்லத் திரும்பினார். அவரும் எங்கள் ஆள்தானே. அவருடைய கடையிலிருந்து பால்மா போகாத ஊர்ப்பெட்டி தென் லண்டனில் கிடையாது. இவருக்குக் கிட்ட வந்து, நெஞ்சில் விரலால் ஒரு தட்டுத் தட்டினார். டங் என்றது.

நான் அந்தப் பிள்ளையிடம் பிறகு கதைப்பதாகச் சொல்லிவிட்டு ஓடினேன். ஓடினேன் என்றால், என் வயதுக்கு.

உச்சியில் தேவாலயத்துக்குப் பக்கத்தில் இளைப்பாறுகிறவர்களுக்கு ஒரு மரவாங்கு இருக்கிறது. இவரை அதில் இருத்தினார்கள். பையை நான் கழற்றினேன். கடைத்தம்பி பொக்கெற் ஒவ்வொன்றாகக் காலி செய்தார். மீன் ரின், மீன் ரின், இன்னும் ஒரு மீன் ரின். பால்மா. ஊறுகாய். கீழே லண்டன் முழுவதும் வெயிலில் தெரிந்தது. வாங்கில் ஒரு சின்னக் கடை திறந்தது.

"அண்ணை" என்றார் கடைத்தம்பி, ஊறுகாய்ப் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு. "ஆரைப் பேக்காட்டி ஏமாத்துறியள்? என்னையோ, உங்கட முழங்காலையோ?"

லொறித்தம்பிக்குச் சிரிப்பை அடக்க ஏலவில்லை. "எயார்போட்டில எண்டால் பிளேன் தூக்கும் அண்ணை. மலையில உங்கட கால்தான் பிளேன்."

சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த நிமிஷம் வரைக்கும் இது எனக்கும் தோன்றவில்லை, இவருக்கும் தோன்றவில்லை. மூன்று நாள் தலையைப் போட்டு உடைத்து, பையிலிருந்த பாரத்தை அரை முழம் முன்னுக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறோம். இவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். எங்கள் இருவரையும் பார்த்து லொறித்தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லில் இருந்துவிட்டார்.

தலையணை சேட்டுக்குள்ளிருந்து வந்தபோது கடைத்தம்பியும் சிரித்துவிட்டார். சுடுதண்ணிப் பைக்கு இவரே சிரித்தார். சிரிப்பு ஓய்ந்ததும் கடைத்தம்பி இவருடைய தோளில் கை வைத்தார். கை வைத்த இடத்தில் நின்றது.

"முதுகில என்ன அண்ணை?"

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாததுக்கு நாலு மூலை இருக்கு."

"அது… முதுகுக்கு. டொக்டர் தந்தது."

"கழட்டுங்கோ பாப்பம்."

"ஏலாது." இவர் ஜக்கெற்றை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சிரித்த முகம் எங்கேயோ போய்விட்டது. "நான் வரேல்லை. நீங்கள் ரெண்டு பேரும் போங்கோ. எனக்கென்ன, போகாட்டிப் போறன்."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். இனி யார் என்ன சொன்னாலும் வாய் திறக்கமாட்டார். இறங்கிப் போய்ச் சமையலறைக் கதிரையில் இருப்பார். கடைத்தம்பி பெருமூச்சு விட்டார். அவருக்கு என்ன விளங்கியது என்றால், கிழவன் இன்னும் ஏதோ பாரத்தை ஒளிக்கிறான், திருந்தமாட்டான் என்று. அவர் இனி வாய் திறந்தால் "அடுத்த வருஷம்" என்றுதான் சொல்வார்.

நான் ஆண்கள் நிற்கிற இடத்தில் கதைக்கிறவள் அல்ல. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் கையை மட்டும் உயர்த்துவேன், வாய் வராது. இப்போதும் வரவில்லை. என் சப்பாத்தைப் பார்த்தேன். கடைத்தம்பியின் சப்பாத்தைப் பார்த்தேன். அந்தச் சப்பாத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"தம்பி, இவரால குந்த ஏலாது."

புல்லில் இருந்த லொறித்தம்பி கையை ஊன்றி எழும்பினார்.

"மற்ற எல்லாத்தையும் எடுங்கோ. தலையணையை எடுங்கோ. ரின்னை எடுங்கோ. உதை மட்டும் எடுக்காதையுங்கோ. உது இல்லாட்டி இவர் மேல வந்து ரெண்டு நாளும் ஒரு வாயும் தின்னமாட்டார். போக வேண்டி வருமெண்டு தின்னாமலே இருந்திடுவார். எனக்கு இவரைத் தெரியும்."

சொல்லிவிட்டுச் சால்வையால் முகத்தைத் துடைத்தேன். இவர் தேவாலயத்துக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், காது சிவந்திருந்தது. வெயிலுக்கு அல்ல.

கடைத்தம்பி இவருடைய ஜக்கெற்றை மெல்லக் கழற்றினார். சேலைத் துண்டின் முடிச்சை அவரால் அவிழ்க்கமுடியவில்லை, நான்தான் அவிழ்த்தேன். கதிரை வந்தது. லொறித்தம்பி வாங்கி விரித்தார். நடுவில் ஓட்டையைப் பார்த்தார். தையலைத் தடவிப் பார்த்தார்.

"அக்கா அடிச்சதோ?"

நான் தலையை ஆட்டினேன்.

"ஒருக்கா இருந்து பாக்கட்டோ அண்ணை?"

இவர் கோபுரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. லொறித்தம்பி கதிரையைப் புல்லில் ஊன்றி, முழுக் காற்சட்டையோடு, கையை முழங்காலில் வைத்துக்கொண்டு அமர்ந்தார். நாயோடு வந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி 'குட் மோர்னிங்' சொன்னார்கள். அவர் இருந்தபடியே 'குட் மோர்னிங்' சொன்னார். கதிரை கிரீச்சென்றது, ஆனால் நின்றது. அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

"கடையண்ணை" என்றார் அங்கிருந்தே. "இருபது வருஷம் லொறிச் சீட்டில இருந்து என்ர இடுப்பு என்ன பாடெண்டு உங்களுக்குத் தெரியுமோ? போன வருஷம் நான் ஒரு பள்ளத்துக்குள்ள போய்க் குந்தி, எழும்ப ஏலாமல் அரை மணித்தியாலம் இருந்தனான். மானைத் தேடிக்கொண்டு நிண்டனானெண்டு உங்களுக்குச் சொன்னனான்."

"நான் நம்பினனே!"

"நீங்கள் நல்லவர்."

கடைத்தம்பி கதிரையைச் சுற்றி ஒருமுறை நடந்தார். முகத்தைக் கடுமையாகத்தான் வைத்திருந்தார். "சட்டமெண்டால் சட்டம். இதோட அண்ணைக்குப் பத்தைத் தாண்டும்."

"ஏன் அண்ணைக்கு?" என்றார் லொறித்தம்பி. "கூடாரம் பொது. அடுப்புப் பொது. இதுவும் பொது. நான் தூக்கிறன்."

"அப்ப எனக்கும் அதில உரிமை இருக்குமோ?" என்று கடைத்தம்பி கேட்டார். மிகவும் மெதுவாகத்தான் கேட்டார்.

இவர் அப்போதுதான் கோபுரத்தை விட்டுத் திரும்பினார். "வரிசையில வரவேணும்" என்றார்.

பிறகு இவர் கம்பளிச் சட்டைகளையும் கழற்றிவிட்டு, பையைப் போட்டுக்கொண்டு, வெறும் சேட்டோடு அந்த மேட்டை அடிவாரத்திலிருந்து இன்னொருமுறை ஏறிக் காட்டினார். நிற்காமல் ஏறினார் என்று சொல்லமாட்டேன். ஆனால் நின்ற இடங்களில் குப்பைத் தொட்டியைப் பார்க்கவில்லை, மூச்சு வாங்குகிறேன் என்று சொல்லியே மூச்சு வாங்கினார். கடைத்தம்பி கடைசியில் ஒரு தலையசைப்புத் தந்தார். கம்பளிச் சட்டை ஒன்றும் மீன் ரின் இரண்டும் போகலாம், பாரத்துக்கு லொறித்தம்பியும் தானும் பொறுப்பு என்றார். ஊறுகாய்க்கு அனுமதி கிடைக்கவில்லை. தலையணைக்கு இவர் நீண்ட நேரம் வாதாடினார். அதுவும் கிடைக்கவில்லை.

மிச்சத்தையெல்லாம் ஜக்கெற்றுக்குள் போட்டு மூட்டையாகக் கட்டி நான்தான் கீழே கொண்டுவந்தேன். தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் அந்தப் பிள்ளை இன்னும் நின்றாள். "அக்கா, எல்லாத்தையும் இறக்கச் சொல்லிப்போட்டாங்களோ? இப்ப எயார்லைன்காரர் சரியான கெடுபிடி" என்றாள். நான் ஓம் என்றேன்.

புரட்டாதியில் அவர்கள் போனார்கள். மலையில் போன் வேலை செய்யாது. நான் தனியாகச் சமையலறையில் நின்று வெங்காயத்தை என் இஷ்டப்படி வெட்டினேன். முதல்நாள் சுகமாக இருந்தது. இரண்டாம் நாள் வெட்டிக்கொண்டிருக்கும்போது, ஏன் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை என்று திரும்பிப் பார்த்தேன். மூன்றாம் நாள் சமைக்கவேயில்லை, பாணும் சம்பலும் தின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கடைத்தம்பியின் வான் வாசலில் நின்றது. லொறித்தம்பி முதலில் இறங்கினார். என் முகத்தைப் பார்த்ததும் நான் கேட்காததற்கு அவரே பதில் சொன்னார்.

"அண்ணை ஏறினவர் அக்கா. கடைசியாத்தான் வந்தவர். ஆனா வந்தவர்."

மான் கிடைக்கவில்லையாம். தூரத்தில் ஒன்றைக் கண்டார்களாம். இவர் நெஞ்சால் ஊர்ந்து போய்ப் படுத்துக் குறி பார்த்தாராம். மான் இவரைப் பார்த்துவிட்டு, அவசரப்படாமல் நடந்து போனதாம். சுடவில்லை. படுத்தவரை எழுப்புவதற்கு வழிகாட்டி வந்த வெள்ளைக்காரரும் சேர்ந்து மூன்று பேர் வேண்டியிருந்ததாம். இதைச் சொல்லி அவர்கள் வாசலில் நின்று சிரித்தார்கள். இவரும் வானுக்குள் இருந்தபடி சிரித்தார். பிறகு தானே இறங்கி, தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். தம்பிமாருக்குக் கை காட்டினார். கதவைப் பூட்டினார். பூட்டியதும் மாடிப்படியின் முதல் படியில் பொத்தென்று இருந்துவிட்டார்.

நான் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தேன். காற்சட்டையின் ஒரு கால் மற்றதைவிட இறுக்கமாக இருந்தது. முழங்கால் அவ்வளவுக்கு வீங்கியிருந்தது. நான் நிமிர்ந்து இவருடைய முகத்தைப் பார்த்தேன்.

"கழுத்து நோகுது" என்றார். "தலையணையை விட்டிட்டுப் போனதால வந்த வினை. நீராவது வாதாடியிருக்கலாம்."

"கழுத்து மட்டுமோ?"

"கழுத்து மட்டும்தான்."

நான் எண்ணெயைச் சுடவைத்து எடுத்துக்கொண்டு வந்தேன். பின்னால் ஒரு படி மேலே அமர்ந்து கழுத்துக்குத்தான் பூசினேன். பூசப் பூச இவர் கண்ணை மூடிக்கொண்டு, அந்த மலையில் விடியும்போது எப்படி இருக்கும் என்று சொல்லிக்கொண்டே போனார். சொல்லிச் சொல்லி அப்படியே சுவரில் சாய்ந்து நித்திரையாகிவிட்டார். பிறகுதான் கீழ்ப் படிக்கு இறங்கி, காற்சட்டையை மெல்ல மேலே சுருட்டி, மிச்ச எண்ணெயை அந்தக் காலுக்குப் பூசினேன்.